சும்மா கிடக்க வேண்டிய வயல்

சியாட்டில்
மார்ச் 9, 1987

அன்புத் தம்பி செல்மருக்கு,

அக்கா தோரா எழுதுவது. இங்கே மழையும் விட்டபாடில்லை, என் இடுப்பு வலியும் விட்டபாடில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பனி உருகுவதைப் பற்றி அளக்க ஆரம்பித்துவிட்டாய். டாக்டரிடம் போனாயா இல்லையா?

வங்கியிலிருந்து எனக்கும் காகிதம் வந்தது. அரசாங்கம் வருஷா வருஷம் தரப்போகும் பணம் நேராகத் தவணைக்குப் போய்விடும் என்பதால் ஏலப் பேச்சை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். படித்துவிட்டு வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த நிலம். பத்து வருஷம் அதைப் புல்லுக்கு விட்டுவிட்டு உழாமல், விதைக்காமல், அறுக்காமல் இருந்தால் நிலம் நமக்கு மிஞ்சும். மண் காற்றோடு போகக் கூடாது என்று அரசாங்கமே கூப்பிட்டுக் கொடுக்கிற பணம். இதற்குப் போய் நீ ஏன் திருடனைப் போல ஒளிகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்கவில்லை என்றது பொய். எதிர்ப்பக்கத்து எல்டன் ரூட் போன வருஷம் தன் நிலத்தைப் புல்லுக்கு விட்டபோது, காப்பிக் கடையில் அத்தனை பேர் முன்னால், "என்ன எல்டன், நேத்து ராத்திரி வேலை ஜாஸ்தியோ? நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டவன் நீதானே. நீயே பெருமையாக எனக்கு எழுதினாய். தூங்கிச் சம்பாதிக்கிறவன் என்று நீ வைத்த பேர்தான் ஊரில் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தப் பேர் உனக்கும் வந்துவிடுமே என்று நடுங்குகிறாய். அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

போனில் பேசலாம் என்றால் உங்கள் பக்கம் இன்னும் நாலு வீட்டுக்கு ஒரே கம்பி. நான் 'நிலம்' என்று ஆரம்பிப்பதற்குள் ரூபன் ஹெக் வீட்டில் யாரோ ரிசீவரைத் தூக்கும் சத்தம் கேட்கும். எழுது.

உடம்பைக் கவனித்துக்கொள்.
தோரா


ஓஸ்டால், மினசோட்டா
ஏப்ரல் 26, 1987

அக்காவுக்கு,

செல்மர் எழுதிக்கொண்டது. சுகமாக இருக்கிறேன். மூச்சு வாங்குவது வெறும் அஜீரணம். கல்யாணம் ஆகாதவன் சமையல் அப்படித்தான் இருக்கும். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

புல் விதைத்தாயிற்று. அதற்கான விதைக்கருவி இந்தக் கவுண்டி வட்டாரத்தில் எல்டனிடம் மட்டும்தான் இருக்கிறது. அவன் வாசலில் போய் நிற்க முடியுமா? பக்கத்துக் கவுண்டிக்குப் போய் வாடகைக்கு எடுத்துவந்தேன். அது பார்வைக்குப் புல்லாகத் தெரிய இரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரை வெறும் மண்ணும் அங்கங்கே களையும்தான். சாலையில் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஜன்னல் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

சர்ச்சில் ரூபன் கேட்டான். "என்ன செல்மர், இன்னும் கலப்பைய எடுக்கல போலிருக்கே?"

"மண்ணு ஈரம். கொஞ்சம் காயட்டும்."

அவன் வயலில் தூசி பறக்கிறது, என் வயலில் மட்டும் ஈரமாம். என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் காப்பியைக் குடித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரூபன்தான் இந்தப் பணத்துக்கு அனுமதி கொடுக்கும் கவுண்டிக் கமிட்டிக்குத் தலைவன். நம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். ஆனால் கமிட்டி முன்னால் வரும் காகிதத்தில் பேர் இருக்காது, நிலத்தின் எண்தான் இருக்கும். விவசாய அலுவலகத்து லவோன் கட்டுக் கட்டாக நீட்டுவாள். அவர்கள் மீன் பிடித்த கதையைப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

அந்தப் பெண்ணைத் தவிர விஷயம் தெரிந்தவன் ஒருவன்தான். நான் அலுவலகத்துக்குப் போன அன்று கதவோரம் எல்டன் உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நீ யாருக்கும் எழுதிவிடாதே.

செல்மர்


சியாட்டில்
மே 13, 1987

என் தம்பிக்கு,

இதை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். யாராவது நர்ஸ் படித்துக் காட்டட்டும். பாஸ்டர் போன் செய்தார். தபால்காரர் அந்த நேரத்துக்கு வந்து பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அஜீரணமாம். உன் அஜீரணத்துக்கு நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறார்கள்.

ஓடிவர வேண்டும் என்று இருக்கிறது. இடுப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று டாக்டர் ஒரே பிடியாக நிற்கிறார். சமையலறைக்கும் படுக்கைக்கும் நடப்பதே பெரும்பாடு. என்னை மன்னித்துவிடு.

ஒரு நல்ல காலம், இந்த வருஷம் உனக்கு விதைப்பு வேலை இல்லை. படுத்த படுக்கையில் வயலை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. சும்மா கிடக்க வேண்டிய வயல் அது. யார் கையும் படாமல் அதுபாட்டுக்குக் கிடக்கும்.

கொடுப்பதைச் சாப்பிடு. நர்ஸுகளிடம் முறைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா


ஓஸ்டால்
ஜூன் 7, 1987

அக்காவுக்கு,

செல்மர். வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் அரிக்கிறது, தூக்கம் வருகிறது. கனமாக எதையும் தூக்கக் கூடாதாம், டிராக்டர் பக்கம் போகவே கூடாதாம். ஊரார் நூடுல்ஸும் இறைச்சியும் போட்டு வேகவைத்த பாத்திரங்களை வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரியாமல் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

வயல் நன்றாக இருக்கிறது. பச்சையாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உன் இடுப்பு எப்படி?

செல்மர்


சியாட்டில்
ஜூன் 19, 1987

அன்புள்ள செல்மர்,

உன் கடிதம் வந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அது மூன்று நாள்தான் நீடித்தது. இடுப்பைப் பற்றி இப்போது கேட்காதே, தலைதான் சுற்றுகிறது.

கவுண்டிப் பத்திரிகை எனக்கு இன்னும் தபாலில் வருகிறது, நீ மறந்திருப்பாய். மே கடைசி இதழ் கைமாறி கைமாறி இப்போதுதான் வந்தது. முதல் பக்கத்தில் படம். வரிசையாக டிராக்டர்கள், முன்னால் ரூபன் ஹெக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான், பெண்கள் மேஜை போட்டுக் காப்பி ஊற்றுகிறார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'நோயுற்ற நண்பருக்காக ஒரே நாளில் உழுது விதைத்த ஊர்.' படத்தின் ஓரத்தில் ஒரு காற்றாடிக் கம்பம், தலையில் இறக்கை இல்லாமல்.

அது நம்முடைய கம்பம்தானே? அப்பா கடைசிவரை இறக்கை மாட்டுகிறேன் மாட்டுகிறேன் என்று சொன்னது? அப்படியானால் அது நம் வயல்தானே? கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பச்சையாக இருக்கிறது என்று நீ எழுதினாயே, எது பச்சையாக இருக்கிறது?

கீழே இன்னொரு வரி. 'எதிர்ப்பக்கத்து நிலக்காரர் ஒருவர் வயல் வாசலை மறித்து ஆட்சேபம் தெரிவித்தபோதிலும் பணி இனிதே நிறைவுற்றது.' எதிர்ப்பக்கத்தில் எல்டனைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவர் எதற்கு மறித்தார்?

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உடனே எழுது.

தோரா


ஓஸ்டால்
ஜூலை 3, 1987

அக்காவுக்கு,

உடம்பு தேறிவருகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். படம் நம் வயல்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரூபனும் அவன் மனைவியும்தான் காரில் கூட்டிவந்தார்கள். நம் சாலை முக்கில் வண்டியை நிறுத்தி, "கண்ண மூடிக்கோ" என்றான்.

"எதுக்கு?"

"மூடுன்னா மூடேன்யா."

மூடினேன். கார் மெதுவாகப் போய் நின்றது. "இப்பத் தொற."

திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. கோடு போட்ட மாதிரி வரிசை. நானே விதைத்திருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்காது. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பின்சீட்டில் அவன் மனைவியும் மூக்கைச் சிந்தினாள். ரூபன் என் தோளைத் தட்டினான்.

"மண்ணு ஈரம், மண்ணு ஈரம்னியே. நீ விழுந்தப்புறம்தான்யா எங்களுக்கு வெளங்குச்சு. நெஞ்சு வலிய வச்சுக்கிட்டு எப்படிக் கலப்ப பிடிப்பே? வெளிய சொல்லவும் மானம் தடுத்திருக்கு. நாங்க இருக்கறது பின்ன எதுக்கு?"

அவனவன் தன் விதைப்பை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான், அக்கா. விதைக்குக் காசு வாங்கவில்லை, டீசலுக்கு வாங்கவில்லை. அப்போதுதான் முளைத்திருந்த புல்லைக் களை என்று நினைத்து உழுதுவிட்டார்கள். நான் என்ன சொல்ல? "ரொம்ப நன்றி" என்றேன். பிறகு வீட்டுக்குள் போய் கேக் சாப்பிட்டோம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே பயிர் நன்றாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

வாசலை மறித்ததெல்லாம் ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரன் எதையாவது எழுதுவான்.

செல்மர்


சியாட்டில்
ஜூலை 11, 1987

தம்பி,

உடம்பு தேறுகிறது என்றதில் சந்தோஷம். இனி திட்டலாம்.

ஒன்றுமில்லை என்று எழுதிய வரிக்கு மேலே ஒரு வரியை மை கொட்டி அடித்திருக்கிறாய். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்டன் என்ற பேர் மட்டும் தெரிகிறது. எதை மென்று முழுங்குகிறாய்?

ரூபன் ஆட்கள் செய்தது தெரியாமல் செய்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, ஒருவேளை வர வேண்டுமோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் புல் என்று எழுதியிருக்கிறது, வயலில் சோயா நிற்கிறது. கோடை முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பான். ஒப்பந்தம் போனால் பணம் போகும், பணம் நின்றால் வங்கிக்காரன் வருவான், அப்புறம் நிலமும் இல்லை, நீ படுத்திருக்கும் வீடும் இல்லை. ஊரார் மனசு நோகக் கூடாது என்று நீ அந்த வீட்டை விடப் போகிறாயா?

லவோனிடம் போய் உள்ளதைச் சொல். இன்றைக்கே போ.

அக்கா


ஓஸ்டால்
ஆகஸ்ட் 1, 1987

தோராவுக்கு,

எல்டன் ரூட் எழுதுவது. கிளாடிஸும் நானும் நன்றாக இருக்கிறோம். உன் இடுப்பு பற்றிக் கேட்டு வருத்தப்பட்டோம். பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோரையும் ஓட்டத்தில் தோற்கடித்தவள் நீ.

செல்மர் பதில் போடவில்லை என்று என்னைக் கேட்டு எழுதியிருக்கிறாய். கேட்டதால் சொல்கிறேன். அன்றைக்கு நான் வாசலில் நின்று, "இந்த வயல விட்டுடுங்க, அவன் வந்து பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் புல் பிழைத்திருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் பிழைப்பானோ மாட்டானோ என்று கிடக்கும்போது, அவன் மூடிவைத்ததை நான் நடுரோட்டில் அவிழ்ப்பதா? செய்தது சரியா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் மறுபக்கம் வேலிக் கம்பியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் போயிருப்பேன்.

ஊர் என்னை எப்படி நடத்துகிறது என்று கேட்டதற்கு, அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. காப்பிக் கடையில் என் மேஜையில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது. கிளாடிஸை மட்டும் சர்ச் காப்பிக்கு கேக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழக்கதோஷம், அவள் சனிக்கிழமை ஆனால் சுடுகிறாள். நாங்களே தின்கிறோம். எனக்குத் தொப்பை போட்டுவிட்டது.

என் விதைக்கருவி கொட்டகையில்தான் இருக்கிறது. புல்லை மறுபடி விதைக்கத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவனிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

எல்டன்


சியாட்டில்
ஆகஸ்ட் 6, 1987

செல்மர்,

நான் நலம். எல்டன் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அவரை ஊரே ஒதுக்கிவைத்திருப்பது உனக்கு இத்தனை நாளாகத் தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்மேல் பிரியம் இல்லாமல் போகவில்லை, ஆனால் வெட்கமாக இருக்கிறது.

தோரா


ஓஸ்டால்
ஆகஸ்ட் 18, 1987

அக்காவுக்கு,

இப்போது மூச்சு வாங்காமல் சாலைவரை நடக்கிறேன். சாலையைத் தாண்டவும் செய்தேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்டன் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினேன். கிளாடிஸ் கையெல்லாம் மாவாக வந்து நின்றாள்.

"கேக் இருக்கா?"

"எதுக்கு?"

"நாளைக்கு சர்ச் காப்பிக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் தகரத் தட்டோடு அப்படியே எடுத்துவந்து கையில் வைத்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் நிலவறைக்கு இறங்கியதும் அதை நடு மேஜையில் வைத்து நானே துண்டு போட்டேன். ரூபன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "யாரு சுட்டது? அருமையா இருக்கே" என்றான்.

"கிளாடிஸ் ரூட்."

மெல்லுவதை நிறுத்திவிட்டான். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ரூபன், நீங்க உழுதது புல்லு."

"எந்தப் புல்லு?"

"அரசாங்கப் புல்லு. நான் பனிக்காலத்துலயே எழுதிக் குடுத்துட்டேன். நீதான் கையெழுத்துப் போட்டே."

"நானா?"

"நீதான்."

"நான் கையெழுத்துப் போட்ட புல்ல நானே உழுதேனா?"

"ஆமா."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அந்த சோயா யாருது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஒருத்தர் என்னுடையது என்றார், ஒருத்தர் அரசாங்கத்துடையது என்றார், பாஸ்டர் காப்பி ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார். ரூபன் கடித்த கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப எல்டன்..." என்றான்.

"அவனுக்குத் தெரியும். எனக்காகத்தான் சொல்லல."

கேக் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை, அக்கா.

நான் மை கொட்டி அடித்த வரியையும் சொல்லிவிடுகிறேன். காரில் வரும்போது ரூபன், "தூங்கிச் சம்பாதிக்கிறவனுக்கு மத்தவன் முழிச்சிருந்தாப் பொறுக்காது" என்றான். எல்டன் வாசலில் நின்ற கதையை நடித்துக்கூடக் காட்டினான். எல்லாம் தெரிந்துகொண்டே நானும் சிரித்தேன். நெஞ்சுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அலுவலகம் போனேன். லவோன், "ரெண்டு மாசமா நீ வருவே வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த வாரம் நான் மக பிரசவத்துக்குப் போகாம இருந்திருந்தா இது நடந்தே இருக்காது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கமிட்டிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஆனால் கமிட்டியில் இருக்கும் மூன்று பேருமே அன்றைக்கு டிராக்டர் ஓட்டியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவளே மேலிடத்துக்குப் போன் போட்டாள். ஒரு காய்கூடப் பறிக்காமல் பயிரை மடக்கி உழுது, பனி விழுவதற்குள் மறுபடி புல் விதைத்தால் ஒப்பந்தம் நிற்கும் என்றார்கள்.

பயிர் இடுப்பளவு நிற்கிறது. காய் பிடித்துவிட்டது.

செல்மர்


சியாட்டில்
ஆகஸ்ட் 22, 1987

அன்புத் தம்பிக்கு,

கைத்தடியோடு கடைவரை போய்வந்தேன், அது உன் கடிதம் தந்த தெம்பு. நிலம் தப்பியது என்றதும் அழுதுவிட்டேன். நீ கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டுவதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும். எல்டன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தானே கதவைத் தட்டினாய்? அவரிடம் நீ இன்னும் பேசவில்லை, இல்லையா? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய். விதைக்கருவியை யாரிடம் கேட்கப் போகிறாய், மறுபடியும் பக்கத்துக் கவுண்டிக்குப் போகப் போகிறாயா?

மாத்திரையை விடாமல் போடு.

தோரா


ஓஸ்டால்
ஆகஸ்ட் 31, 1987

அக்காவுக்கு,

செல்மர் எழுதிக்கொண்டது. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், ராத்திரி தூங்குகிறேன். நீ சொன்னது சரி, எல்டனின் வண்டி வெளியே போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் வந்தார்கள். வசந்தத்தில் வந்த அதே டிராக்டர்கள். இந்தத் தடவை பத்திரிகைக்காரன் இல்லை. பெண்கள் காப்பி கொண்டுவந்தார்கள், ஆனால் யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை. வாசலுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன, ஒருத்தனும் உள்ளே இறங்கவில்லை. நிற்கிற பயிரில், அதுவும் காய் பிடித்த பயிரில், கலப்பையை விட யாருக்குக் கை வரும்? "நீ போ" என்றான் ஒருத்தன். "நீ முன்னால போ" என்றான் இன்னொருத்தன். ரூபன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது எல்டன் சாலையைத் தாண்டி வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் நான், என் கால் நகரவில்லை. நேராக வாசலுக்குப் போய் மே மாசம் நின்ற அதே இடத்தில் நின்றான். என்ன செய்யப் போகிறான் என்று யாருக்கும் விளங்கவில்லை. இந்தத் தடவையும் மறிக்கப் போகிறான் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மறிக்கட்டும் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு நல்ல பயிர்.

கொக்கியைத் தூக்கினான். வாசல் கதவை ஒரு பக்கமாகத் தள்ளித் திறந்து, கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். ரூபனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ரூபன் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓட்டினான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஒவ்வொருவனும் வாசலைக் கடக்கும்போது எல்டனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான்.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பச்சைச் செடி புரளும் வாடை வந்தது.

"எல்டன், உன் விதைக்கருவி வேணும்" என்றேன்.

"எடுத்துக்கோ."

"வாடகை?"

அவன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாடகையா? போயி நல்லாத் தூங்கு. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் அதானே பொழப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. இந்தத் தடவை தையல் வலிக்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, "கை கடுக்குது, நீ பிடி" என்றான். பிடித்தேன். கடைசி டிராக்டர் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளாடிஸ் உனக்கு ஒரு கேக் அனுப்புகிறாள். தபாலில் நொறுங்கிப் போனால் கரண்டியால் தின்னச் சொன்னாள்.

உன் தம்பி
செல்மர்